போகாத முகாமுக்குக் கட்டணமா?

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. பங்கு இல்லத்துத் திண்ணையருகே ஒரு தாய் தயங்கி நின்றார். பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைத்து நாட்கூலி பெறுபவர். கையில் மகன் எழுதிக்கொடுத்த துண்டுத்தாள் ஒன்று. "சாமி, பிள்ளைங்க முகாமுக்குப் போகவே இல்ல. மழையில நின்னுபோச்சு. நான் கொடுத்தது 847 ரூபாய். திரும்பி வந்தது 600. மீதி 247 ரூபாயை யார் எடுத்துக்கிட்டாங்க? எதுக்கு எடுத்துக்கிட்டாங்க?" என்று கேட்டார்.

நம்மிடம் விடை இல்லை. குருமடத்தில் மெய்யியல் கற்றோம். அறநெறி இறையியல் கற்றோம். நியாயமான விலை யாது என்பது பற்றித் தனிப்பாடமே கேட்டோம். ஆயினும் கைப்பேசித் திரையில் ஒரு விரலால் தொட்டுச் செலுத்திய பணம் எங்கெங்கே பிரிந்து செல்கிறது என்பதை அதுவரை நாம் விசாரித்ததில்லை. "அடுத்த ஞாயிறு சொல்கிறேன் அம்மா" என்று அவரை அனுப்பிவிட்டு, அன்று மாலையே இளைஞர்களை அழைத்து உட்கார்ந்தோம். அவ்விசாரணையில் நாம் அறிந்தவற்றை இவ்விதழின் குடும்பங்களுக்கும் சொல்லுவது பயனுடைத்து எனக் கருதுகிறோம்.

நடந்தது இதுதான். நம் பங்கு இளைஞர் இருபதுபேர் 2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஏற்காட்டு மலையில் கூடாரம் அடித்துத் தங்கும் இடமொன்றில் ஓரிரவு முகாமிட விரும்பினர். கல்லூரி மாணவர் ஒருவர் இடைத்தரகு இணையதளம் ஒன்றின் வழியே முன்பதிவு செய்தார். ஆளுக்கு 800 ரூபாய் வீதம் 16,000 ரூபாய் தங்கும் வாடகை. பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில் வசதிக் கட்டணம் என்ற பெயரில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 800 ரூபாய் சேர்ந்தது. அக்கட்டணத்தின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியாக 144 ரூபாய் சேர்ந்தது. ஆக மொத்தம் 16,944 ரூபாய்.

நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்ததும், தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூர் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியதும் வாசகர் அறிந்ததே. வீடுகளில் சேறு அள்ளும் வேளையில் முகாம் எங்ஙனம் நடக்கும்? புறப்பட மூன்று நாட்கள் இருக்கையில் முன்பதிவை ரத்துச் செய்தனர். ஏழு நாட்களுக்குள் ரத்துச் செய்தால் வாடகையில் கால்பங்கு கழிக்கப்படும் என்பது அத்தளத்தின் நிபந்தனை. அவ்வாறே 4,000 ரூபாய் கழிந்தது. வசதிக் கட்டணமும் அதன் வரியும் திரும்பவே இல்லை. திரும்பி வந்தது 12,000, ஆளுக்கு 600. இழந்தது 4,944, ஆளுக்கு 247 ரூபாய்ச் சொச்சம்.

கணக்கு சரியே. ஆனால் கணக்கு சரியாயிருப்பது மட்டும் நியாயமாகிவிடுமோ? அதைத் தீர்மானிக்க, முதலில் முன்பதிவு என்பது எவ்வாறு நடைபெறுகிறது என்று அறிய வேண்டும்.

எண்ணப்பட்ட இடங்கள்

பிச்சாவரத்துப் படகுத்துறைக்குச் சென்றவர்களை ஒரு கணம் நினைவுகூரச் சொல்லுகிறோம். படகுகள் இத்தனை, ஒரு படகு ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் இவ்வளவு, ஆகவே ஒரு நாளில் ஏறக்கூடியவர் இத்தனைபேர் என்பது காலையிலேயே தெரிந்த கணக்கு. கூடாரமாயினும் விடுதியறையாயினும் புகைவண்டி இருக்கையாயினும் இதே கணக்குதான். முற்காலத்தில் அந்தக் கணக்கு ஒரு தடித்த பேரேட்டில் இருந்தது. இன்று கணினியில் இருக்கிறது. அப்பேரேட்டை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் தத்தம் வீட்டிலிருந்தே திறந்து பார்க்கின்றனர் என்பதே வேறுபாடு.

ஓர் இடத்தை இருவர் ஒரே நொடியில் கேட்டால் என்ன செய்வது? ஒருவர் இடத்தைத் தேர்ந்து பணம் செலுத்தும் பக்கத்துக்குச் சென்றதும், அவ்விடம் சில நிமிடங்கள் அவர் பெயரில் நிறுத்திவைக்கப்படும். அதற்குள் பணம் வந்தால் உறுதி. வராவிடில் அது மீண்டும் பொதுவில் விடப்படும். இப்போது இடமில்லை என்று காட்டிய திரை, பத்து நிமிடம் கழித்து ஓர் இடம் உண்டு என்று காட்டுவதன் மருமம் இதுவே. ஆதலின் முதல் முயற்சியில் மனந்தளர வேண்டுவதில்லை.

எத்தனை நாட்களுக்கு முன்னே கதவு திறக்கிறது என்பதும் முக்கியம். புகைவண்டியில் முன்பதிவுக்குரிய காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. பழைய கணக்கை நம்பி நான்கு மாதம் முன்னே தேடிப்பார்த்து, வண்டியே இல்லை போலும் என்று மயங்கியோர் நம் பங்கிலும் உண்டு. தட்கல் சீட்டு, வண்டி புறப்படுவதற்கு முந்தின நாள் திறக்கிறது: குளிர்வசதிப் பெட்டிகளுக்குக் காலை 10 மணி, ஏனையவற்றுக்கு 11 மணி. முகவர்களும் கணினிச் சூழ்ச்சிகளும் இடங்களை அள்ளிச் செல்லுகின்றன என்ற முறையீட்டின் பேரில், 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு உள்ளவரே இணையவழியில் தட்கல் எடுக்கலாம் என்று விதி செய்யப்பட்டது.

கட்டணத்தின் உறுப்புகள்

இனிப் பணத்துக்கு வருவோம். நாம் செலுத்தும் தொகை ஒரே எண்ணாகத் தோன்றினும் அதற்குப் பல உறுப்புகள் உண்டு. எல்லோருக்கும் பழக்கமான புகைவண்டிச் சீட்டையே சான்றாகக் கொள்ளலாம்.

முதலாவது, பயணக் கட்டணம். இரண்டாவது, முன்பதிவுக் கட்டணம். படுக்கை வசதிக்கு 20 ரூபாய், மூன்றடுக்குக் குளிர்வசதிக்கு 40 ரூபாய் என்றவாறு வகுப்புக்கேற்ப அமைவது. இது பண்ருட்டி நிலையத்துச் சன்னலில் வரிசையில் நின்று எடுத்தாலும் உண்டு. மூன்றாவது, வசதிக் கட்டணம். இது இணையவழியில் எடுப்போருக்கு மட்டுமே உரியது. வீட்டிலிருந்தே எடுக்கும் வசதிக்கு விலை என்பது அதன் பொருள்.

ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் 2002 ஆகஸ்டு 3-இல் இணையவழிச் சீட்டு வழங்கத் தொடங்கியபோது, சீட்டை அச்சிட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தது. மின்னணுச் சீட்டு 2005-இல் வந்தது. 2016 நவம்பரில் பெரிய நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டபின், மின்னணுப் பணத்தை ஊக்குவிக்கும் பொருட்டு இக்கட்டணம் நீக்கப்பட்டது. பின்னர் 2019 செப்டம்பர் 1 முதல் மீண்டும் விதிக்கப்பட்டது. அன்று வகுத்த வீதம் இது: குளிர்வசதியில்லாச் சீட்டுக்கு 15 ரூபாய், குளிர்வசதிக்கு 30 ரூபாய், யு.பி.ஐ. வழியே செலுத்தினால் முறையே 10, 20 ரூபாய்; இவற்றின்மீது 18 விழுக்காடு வரி. ஆக, யு.பி.ஐ. மூலம் படுக்கைச்சீட்டு எடுப்பவருக்கு 11 ரூபாய் 80 காசு கூடுதலாகும்.

இங்கே குடும்பங்கள் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இக்கட்டணம் தலைக்கு அன்று, சீட்டுக்கு. ஒரே சீட்டில் ஆறுபேர்வரை பெயர் சேர்க்கலாம். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் செல்லும் ஆறுபேர் ஒரே சீட்டாக எடுத்தால் ஒருமுறை செலுத்துவர். ஆறு சீட்டாக எடுத்தால் ஆறுமுறை செலுத்துவர். சீட்டை ரத்துச் செய்யின் இவ்வசதிக் கட்டணம் திரும்பாது என்பதையும் மறத்தலாகாது.

இது அற்பத் தொகை என்று எண்ண வேண்டா. 2021 அக்டோபர் 28-இல், இக்கட்டண வருவாயில் பாதியைத் தனக்குத் தரவேண்டும் என்று இரயில்வே அமைச்சகம் கேட்டது. மறுநாளே பங்குச்சந்தையில் அந்நிறுவனத்தின் பங்குவிலை பெரிதும் சரிய, அன்றே அமைச்சகம் அம்முடிவைக் கைவிட்டது. பத்தும் இருபதுமாய்ச் சேரும் தொகை ஒரு பெரும் நிறுவனத்தின் மதிப்பையே அசைக்கும் அளவினது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பணமின்றியும் பதிவு உண்டு

முன்பதிவு என்றாலே பணம் பறிக்கும் வழி என்று சினந்துகொள்ளுதலும் பொருந்தாது. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உரிய அனுமதியின்றி அவர்கள் அவ்வழி சென்றனர் என்று அரசு தெரிவித்தது. அந்தத் துயருக்குப்பின் அவ்வாண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு வகுத்தது. 2024 அக்டோபர் 24-இல் வனத்துறையின் சார்பில் மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டு, 14 மாவட்டங்களில் 40 வழிகளுக்கு இணையவழி முன்பதிவு வந்தது. மலையோரப் பழங்குடிக் குடியிருப்புகளைச் சேர்ந்த இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்றப்பட்டனர். அங்கே செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கு நம்முடன் நடந்துவரும் அவ்விளைஞரின் கூலி. இன்று மலையில் இன்னார் இருக்கின்றனர் என்று அடிவாரத்தில் ஒரு பட்டியல் இருப்பது உயிரைக் காக்கும் ஏற்பாடுமாகும்.

பணமே இல்லாத பதிவும் உண்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெறவேண்டும் என்ற முறை, சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7-இல் நடைமுறைக்கு வந்தது. இதற்குக் கட்டணம் இல்லை. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வாரநாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000 வாகனங்கள் என நீதிமன்றம் வரம்பு விதித்தது. மலை தாங்கும் அளவுக்கே மனிதர் ஏறவேண்டும் என்பதே இதன் நோக்கம். ஆகவே இடத்தை எண்ணிக் கொடுப்பது வேறு. அதற்குக் காசு வாங்குவது வேறு. இரண்டையும் பிரித்தறிந்தவனே சரியான கேள்வியைக் கேட்பான்.

அயல்நாட்டிலும் இதே வழக்கு

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களிலும் காடுகளிலும் கூடாரமடிக்கும் இடங்களுக்கு ரிக்ரியேஷன்.கவ் என்னும் அரசுத் தளத்தில் முன்பதிவு செய்கின்றனர். பல இடங்களுக்கு ஆறு மாதம் முன்னரே கதவு திறக்கிறது. திறந்த சில நிமிடங்களில் புகழ்பெற்ற இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. கூடார வாடகைக்குமேல் முன்பதிவுக் கட்டணம் எட்டு டாலர். அத்தளத்தை நடத்துவது பூஸ் ஆலன் ஹாமில்டன் என்னும் தனியார் நிறுவனம். நடைபெறும் முன்பதிவுகளின் எண்ணிக்கைக்கேற்ப அதற்கு ஊதியம். விட்னி சிகரம் ஏற விரும்புவோர் குலுக்கலில் சேரவே ஆறு டாலர் செலுத்தவேண்டும். பெயர் விழாவிட்டாலும் அது திரும்பாது.

நெவாடா மாநிலத்து ரெட் ராக் கேன்யன் என்னுமிடத்தில், நுழைவு முன்பதிவுக்கு இரண்டு டாலர் கூடுதலாகக் கேட்டதை எதிர்த்து ஒருவர் வழக்காடினார். பொதுமக்களுக்கு முன்னறிவிப்புத் தந்து கருத்துக் கேளாமல் அக்கட்டணத்தை விதித்தது சட்டத்துக்கு முரண் என்று 2022-இல் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு டாலருக்காக ஒருவர் நீதிமன்றம் ஏறினார் எனில், 247 ரூபாய்க்காக நம் பங்குத் தாய் திண்ணைவரை வந்தது சிறுமையோ? அன்று, அது நம் எல்லோருக்கும் வேண்டிய விழிப்பு.

சொட்டுச் சொட்டாக ஏறும் விலை

நம் இளைஞர் ஏமாந்த இடம் எது என்று பார்த்தோம். ரத்து நிபந்தனை அன்று. அது சிறிய எழுத்திலாயினும் அத்தளத்தில் இருந்தது. முதற்பக்கத்தில் 800 என்று காட்டிவிட்டு, பெயர், வயது, முகவரி எல்லாம் நிரப்பிய பின்னர் கடைசிப் பக்கத்தில் 847 என்று காட்டியதே அவர்களை வீழ்த்தியது. அவ்வளவு பாடுபட்டவன் 47 ரூபாய்க்காகத் திரும்பிப் போகமாட்டான் என்பது வணிகரின் கணிப்பு. இவ்வாறு விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதையும், கேளாத பொருளைக் கூடையில் நுழைத்துவிடுவதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், தடைசெய்யப்பட்ட 13 ஏமாற்று வழக்கங்களுள் சேர்த்திருக்கிறது. இவ்வாறு நேர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

பணம் கழிந்தும் சீட்டு வராமற்போவது மற்றொரு தொல்லை. இதற்கும் விதி உண்டு. 2019 செப்டம்பர் 20-இல் ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கையின்படி, யு.பி.ஐ. வழியே வணிகருக்குச் செலுத்திய பணம் அவருக்குச் சேராது நின்றுவிடின், ஐந்து நாட்களுக்குள் அது தானாகவே திரும்பவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு தரவேண்டும். ஆகவே பதற்றத்தில் அதே பணத்தை இரண்டாமுறை செலுத்துவதற்குமுன், வங்கிக்கணக்கைப் பார்த்தல் நலம்.

எல்லாவற்றினும் கொடியது போலித்தளம். திருத்தலங்களிலும் மலையூர்களிலும் உள்ள விடுதிகளின் பெயரால் பொய்ப் பக்கங்களை உண்டாக்கி, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகின்றனர். தேடுதளத்தில் முதலில் தெரியும் எண்ணே உண்மையான எண் என்று நம்பலாகாது. விடுதியின் எண்ணை ஏற்கெனவே அங்குத் தங்கியவரிடமோ உரிய நிறுவனத்தின் அறிவிப்பிலோ கேட்டறிய வேண்டும். தனிமனிதர் பெயரிலுள்ள கணக்குக்குப் பணம் கேட்டால் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏமாந்தது தெரிந்த உடனே, வெட்கப்பட்டு மறைக்காமல், 1930 என்ற எண்ணுக்குச் சொல்லவேண்டும். எவ்வளவு விரைந்து சொல்லுகிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை இடையில் நிறுத்திவைக்கும் வாய்ப்பு மிகும்.

அடுத்த ஞாயிறு

வாக்களித்தபடி அத்தாயை அழைத்து, அவர் தொகை பிரிந்த விதத்தை எழுதிக் காட்டினோம். 200 ரூபாய் கூடாரம் வைத்திருந்தவருக்குச் சென்றது. நம்மை நம்பி அவர் அந்நாளில் வேறொருவருக்கு இடம் தரவில்லை. 40 ரூபாய் இணையதளத்தாருக்கு. மீதி ஏழு ரூபாய்ச் சொச்சம் அரசுக்கு வரி. அவர் சற்று நேரம் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கூடாரக்காரருக்குப் போனது போகட்டும் சாமி, அவருக்கும் மழைதானே. அந்த நாப்பது ரூபாய் மட்டும், முன்னாடியே சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன்."

நியாய விலை பற்றி நாம் குருமடத்தில் கற்றதன் சாரத்தை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். உழைத்தவருக்கும் இழந்தவருக்கும் கொடுப்பதில் அவருக்கு வருத்தமில்லை. சொல்லாமல் எடுத்ததே அவரை வருத்தியது. உண்மையில் பிழையில் நமக்கும் பங்குண்டு. பிறர் பணத்தைக் கையாள்பவர், நிபந்தனைகளைப் படித்து அவர்களுக்குச் சொல்லிய பின்னரே செலுத்த வேண்டும். நாம் அதைச் செய்யவில்லை. அந்தக் 40 ரூபாயையும் அதன் வரியையும் இருபது குடும்பங்களுக்கும் பங்கு நிதியிலிருந்தன்றி, நம் சொந்தப் பணத்திலிருந்து திருப்பிக் கொடுத்தோம்.

அதன்பின் நம் பங்கில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். எந்தப் பயணமாயினும் பணம் செலுத்துமுன் ஐந்து கேள்விகளுக்கு அதில் விடை எழுதவேண்டும். தங்கும் வாடகை அல்லது பயணக் கட்டணம் எவ்வளவு? அதற்குமேல் சேரும் கட்டணமும் வரியும் எவ்வளவு? எந்த நாளுக்குள் ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும்? எது எவ்வாற்றானும் திரும்பாது? நேரில் அல்லது தொலைபேசியில் பதிவு செய்தால் இது குறையுமா? ஐந்தாவது கேள்வி பலமுறை உதவியிருக்கிறது. விடுதியையே நேரடியாக அழைத்துப் பேசினால் இடைத்தரகுக் கட்டணம் இல்லாமற்போவதுண்டு.

மேலும், ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப்பின் இளைஞர் இருவர் திண்ணையில் ஒரு மேசையிட்டு அமருகின்றனர். கைப்பேசி இல்லாதவர்க்கும் எழுத்துப் பழக்கம் குறைந்த முதியவர்க்கும் புகைவண்டிச் சீட்டு எடுத்துக் கொடுக்கின்றனர். சீட்டில் அச்சாகிய தொகைக்குமேல் ஒரு காசு வாங்குவதில்லை. சீட்டு பிறர் பயனுக்காக விற்கப்படலாகாது என்பது இரயில்வே விதி. ஆதலின், இயன்றமட்டும் அவரவர் குடும்பத்தார் கணக்கைத் திறந்து, அவர்களுக்கே கற்றுக்கொடுத்து எடுக்கச் செய்கின்றனர். சென்னைக்கு மருத்துவத்துக்குச் செல்லும் முதியோர் சிலருக்கு இம்மேசை பெருந்துணையாயிற்று.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் வல்லவர்கள், ஐயமில்லை. ஆனால் விரைந்து தொடுவது வேறு, படித்துத் தொடுவது வேறு. அடுத்தமுறை அவர்கள் எதற்கேனும் முன்பதிவு செய்யும்போது அருகே அமர்ந்து, "முதல் பக்கத்தில் எவ்வளவு, கடைசிப் பக்கத்தில் எவ்வளவு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நின்றுபோன முகாம் மறு ஆண்டு நடந்தது. அத்தாயின் மகனே குறிப்பேட்டை எழுதினான். புறப்படுமுன் அவர் திண்ணைக்கு வந்து, அந்தப் பக்கத்தைத் தாமே எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தார்.